இருப்புப்பாதை காத்த குடிமக்கள்

வரலாறு என்று சொன்னவுடன் முடிமன்னரும் படையெடுப்பும் உடன்படிக்கைகளுமே நம் நினைவுக்கு வருகின்றன. பள்ளியில் நாம் படித்த நூல்களும் பெரும்பாலும் அவற்றையே பேசின. ஆயினும் ஒரு நாட்டின் வாழ்வு அரண்மனையில் மட்டும் நடப்பதன்று. சந்தைக்குப் போகும் உழவரும், பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளும், மருத்துவமனையை நாடும் முதியோரும் ஏறி இறங்கும் சிறியதொரு புகைவண்டி நிலையத்துக்கும் வரலாறு உண்டு. அந்த நிலையத்தை வைத்திருப்பதா, மூடிவிடுவதா என்ற வினா எழுமானால், அதற்கு விடை கூறும் உரிமை யாருக்கு உண்டு? அரசாங்கத்துக்கு மட்டுமா? வண்டியில் ஏறுகின்ற மக்களுக்கும் உண்டா?

இவ்வினாவுக்கு வரலாறு தந்த ஒரு விடையையே இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். அதற்காக உங்களை இங்கிலாந்தின் வடகோடிக்கு அழைத்துச் செல்கிறேன். ஸ்காட்லாந்து எல்லைக்கு அருகில் கார்லைல் என்று ஒரு பழைய நகரம் இருக்கிறது. பல திசைகளிலிருந்து வரும் இருப்புப்பாதைகள் அங்கே கூடுகின்றன. அவற்றுள் இரண்டை மட்டும் நாம் இப்போது நோக்குவோம். ஒன்று தெற்கே மலைகளைத் தாண்டி செட்டில் என்னும் சிற்றூருக்குச் செல்வது. மற்றொன்று வடக்கே எல்லைப்புறக் குன்றுகளினூடே எடின்பரோ மாநகருக்குச் சென்றது. இலண்டனிலிருந்து எடின்பரோவுக்குச் சென்ற விரைவு வண்டிகள் சில, முதற்பாதையில் வந்து இரண்டாம் பாதையில் தொடர்ந்த காலமும் உண்டு. இரண்டையும் மூடவே அரசாங்கம் எண்ணியது. இரண்டையும் காக்கவே மக்கள் முயன்றனர். ஒன்று பிழைத்தது; மற்றொன்று மறைந்தது. இந்த வேறுபாட்டின் காரணத்தை ஆராய்வதே என் நோக்கம்.

முதலில் செட்டில் பாதை பிறந்த கதையைச் சுருக்கமாகக் கூறுகிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் இருப்புப்பாதைகள் அனைத்தும் தனியார் கம்பெனிகளின் கையில் இருந்தன. ஸ்காட்லாந்துக்குப் போகும் வாணிகத்தில் பங்கு பெற விரும்பிய மிட்லண்ட் கம்பெனி, போட்டிக் கம்பெனி ஒன்றின் பாதையை நம்பியிருக்க வேண்டியிருந்தது. போட்டியாளர் அதன் பயணிகளைக் காக்க வைத்தனர். அதன் பெட்டிகளைச் சரக்கு வண்டிகளோடு இணைத்து மெல்ல இழுத்துச் சென்றனர். இது பொறாத மிட்லண்ட் கம்பெனி, மலையின் மீதே தனக்கென ஒரு பாதை அமைப்பதற்கு 1866ஆம் ஆண்டில் பாராளுமன்றத்தின் இசைவைப் பெற்றது. பின்னர்ப் போட்டியாளர் இறங்கி வந்து நல்ல நிபந்தனைகள் கூறவே, பெருஞ்செலவுள்ள அத்திட்டத்தைக் கைவிட அக்கம்பெனி முனைந்தது. ஆனால் அப்பாதையால் பயன் பெறக் காத்திருந்த வேறு கம்பெனிகள் எதிர்த்தன. 1869இல் பாராளுமன்றம், “தொடங்கியதை முடித்தே தீரவேண்டும்” என்ற கருத்துப்படத் தீர்ப்பளித்தது. ஆகவே, செட்டில் பாதை பிறக்கும் முன்னரே அதைக் கைவிட ஒரு முயற்சி நடந்து தோற்றது என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

ஏறத்தாழ 72 மைல் நீளமுள்ள அப்பாதைக்காக 14 குகைப்பாதைகள் குடையப்பட்டன. 20க்கு மேற்பட்ட வளைவுப் பாலங்கள் எழுப்பப்பட்டன. ரிபிள்ஹெட் என்னுமிடத்திலுள்ள பாலம் 24 வளைவுகளை உடையது. 440 கஜ நீளமும் 104 அடி உயரமும் கொண்டது. அதற்கு அப்பால் பிளேமூர்க் குகைப்பாதை 2,629 கஜத் தொலைவு மலையின் வயிற்றைத் துளைத்துச் செல்கிறது. ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர், காற்றும் மழையும் பனியும் ஓயாத அப்பொட்டல் வெளியில் மரக் குடிசைகளில் தங்கி உழைத்தனர். விபத்துகளாலும் அம்மை நோயாலும் மாண்டோர் பலர். சேப்பல்–லே–டேல் என்னும் சிற்றூரின் கோயில் இடுகாட்டில் மட்டும் தொழிலாளரும் அவர்தம் மனைவி மக்களுமாகச் சுமார் 200 பேர் துயில்கின்றனர். 1875இல் சரக்கு வண்டிகளும், 1876 மே முதல் நாளில் பயணி வண்டிகளும் ஓடத் தொடங்கின.

இப்பாதைக்கு ஒரு குறை உண்டு. அதை மறைப்பது வரலாற்றுக்கு அழகன்று. விரைவு வண்டிகளுக்காக நேர்க்கோடாக அமைக்கப்பட்டதால், ஊர்களைத் தேடி அது வளைந்து செல்லவில்லை. டென்ட் நிலையம் கடல் மட்டத்துக்கு 1,150 அடி உயரத்தில் நிற்கிறது. இங்கிலாந்தின் முதன்மைப் பாதைகளிலுள்ள நிலையங்களில் அதுவே மிக உயரமானது. ஆனால் டென்ட் என்னும் ஊரோ அங்கிருந்து 4 மைலுக்கும் அப்பால், பள்ளத்தாக்கின் அடியில் இருக்கிறது! “இத்தகைய நிலையத்தால் யாருக்கு என்ன பயன்?” என்று கணக்கர் ஒருவர் கேட்டால், உடனே மறுமொழி கூறுவது எளிதன்று.

அப்படிக் கேட்கும் கணக்கரும் வந்தார். இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1948இல் பிரிட்டனின் இருப்புப்பாதைகள் நாட்டுடைமையாயின. மோட்டார் வண்டிகளும் பேருந்துகளும் பெருகப் பெருக, புகைவண்டிகளின் வருவாய் குன்றியது. இழப்பு ஆண்டுதோறும் வளர்ந்தது. இருப்புப்பாதைக் குழுவின் தலைவராயிருந்த டாக்டர் பீச்சிங் 1963 மார்ச்சில் ஓர் அறிக்கை வெளியிட்டார். ஏறத்தாழ 5,000 மைல் பாதையில் பயணி வண்டிகளை நிறுத்த வேண்டும், 2,363 நிலையங்களை மூட வேண்டும் என்பது அதன் சாரம். கார்லைலில் கூடும் நம் இரு பாதைகளும் அப்பட்டியலில் இடம் பெற்றன.

இங்கே சட்டத்தின் ஒரு நுட்பத்தை நீங்கள் அறிதல் வேண்டும். பின்னால் நடந்தவை அனைத்தும் அதனையே அச்சாகக் கொண்டு சுழன்றன. 1962ஆம் ஆண்டுப் போக்குவரத்துச் சட்டத்தின்படி, ஒரு பாதையில் பயணி வண்டிகளை நிறுத்துவதற்கு முன் அறிவிப்பு வெளியிட வேண்டும். அதனைப் பயன்படுத்துவோர் எழுத்து வடிவில் மறுப்புத் தெரிவிக்கலாம். பயணிகளின் நலம் பேணும் ஆலோசனைக் குழு அம்மறுப்புகளை விசாரித்து அமைச்சருக்கு அறிக்கை அனுப்பும். ஆனால் விசாரணைக்கு உரிய பொருள் ஒன்றே ஒன்று. வண்டி நின்றுவிட்டால் பயணிகளுக்கு நேரும் இடர்ப்பாடு என்ன என்பதே அது. இருப்புப்பாதைத் துறை காட்டும் வரவு செலவு சரியா, தவறா என்று அங்கே வாதாட முடியாது. “இப்பாலம் எங்கள் முன்னோரின் பெருமை” என்று முழங்கினாலும் பயன் இல்லை. இறுதி முடிவோ அமைச்சர் கையில். மக்களுக்குத் திறந்திருந்த வாயில் அவ்வளவு குறுகியது.

அவ்வாயில் வழியே நுழைய முயன்று தோற்றவர்கள் வடக்குப் பாதையின் மக்கள். வேவர்லிப் பாதை என்று பெயர் பெற்ற அது, 1862 முதல் எடின்பரோவையும் கார்லைலையும் 98 மைல் தொலைவுக்கு இணைத்து வந்தது. கம்பளித் துணி நெய்யும் கலாஷீல்ஸ், ஹாயிக் போன்ற நகரங்களுக்கு அதுவே உயிர்நாடி. 1968 ஜூலையில் அமைச்சர் ரிச்சர்டு மார்ஷ் அதனை மூட இசைந்தார். அவ்வாண்டு டிசம்பரில் ஹாயிக் நகரத்து மேட்ஜ் எலியட் என்ற பெண்மணி, 11,000க்கு மேற்பட்டோர் கையெழுத்திட்ட விண்ணப்பத்தை இலண்டனுக்குக் கொண்டு சென்று பிரதமர் இல்லத்தில் சேர்ப்பித்தார். ஆனால் அதற்கு முன்னரே முடிவு எழுதப்பட்டு விட்டது. 1969 ஜனவரி 5ஆம் நாள் இரவு கடைசி வண்டி புறப்பட்டது. நியூகாசில்டன் என்ற சிற்றூரில் மக்கள் இருப்புப்பாதைக் கதவை அடைத்து நின்று அவ்வண்டியை மறித்தனர். அவ்வூர்ப் பாதிரியார் கைது செய்யப்பட்டார். வண்டியில் இருந்த பாராளுமன்ற உறுப்பினர் டேவிட் ஸ்டீல் இறங்கிச் சென்று சமாதானம் பேசினார். பாதிரியார் விடுவிக்கப்பட்டார், கூட்டம் விலகியது, வண்டி இருளில் மறைந்தது. பின்னர்த் தண்டவாளங்களும் பெயர்த்தெடுக்கப்பட்டன.

அம்மக்களிடம் அன்பு குறைவு என்று யாரேனும் சொல்ல முடியுமா? பனிக்காலத்து நள்ளிரவில் பாதையை மறித்து நின்றவர்கள் அவர்கள்! ஆயினும் அமைச்சர் முடிவெடுத்த பின்னர் எழும் கூக்குரல் எவ்வளவு உருக்கமாயினும், முடிவெடுக்கும் முன் வைக்கப்படும் சான்றுக்கு ஈடாகாது. இதனை ஒரு பாடமாகக் குறித்துக் கொண்டு தெற்குப் பாதைக்குத் திரும்புவோம்.

செட்டில் பாதை உடனே மூடப்படவில்லை. ஆனால் 1970 மே மாதத்தில் செட்டில், ஆப்பிள்பி என்னும் இரண்டு தவிர, இடைவழி நிலையங்கள் அனைத்தும் மூடப்பட்டன. பள்ளத்தாக்கு மக்கள் தம் கண்ணெதிரே ஓடும் வண்டியில் தாமே ஏற முடியாத நிலை உண்டாயிற்று. ஐந்து ஆண்டுகள் கழித்து, 1975இல், அப்பகுதியின் தேசியப் பூங்காவைப் பேணும் குழுவினர் ஒரு புது வழி கண்டனர். மலை நடைப் பயணிகளுக்காகச் சில வார இறுதி நாள்களில் தனி வண்டிகளை அமர்த்தி, மூடிய நிலையங்களில் அவற்றை நிறுத்தச் செய்தனர். டேல்ஸ்ரெயில் என்று அதற்குப் பெயர். நகரத்தார் மலைக்கு நடக்க வந்தனர். அதே வண்டி மலைநாட்டாரை நகரத்துக்கு அழைத்துச் சென்றது. நிலையங்கள் முற்றிலும் பாழாகாமல் நின்றதற்கு இச்சிறு முயற்சியும் ஒரு காரணம். பின்னால் வந்த பெரிய கூட்டுறவுக்கு இதுவே விதை எனலாம்.

1981இல் பாதையின் எதிர்காலம் பற்றிய ஐயம் வலுத்தது. ரிபிள்ஹெட் பாலத்தின் கற்களில் நூறாண்டு மழை ஊறி அரிப்பு உண்டாகியிருந்தது. அதைப் பழுது பார்க்கப் பல இலட்சம் பவுன் வேண்டும் என்று இருப்புப்பாதைத் துறையினர் கூறினர். அவ்வாண்டிலேயே செட்டிலில் கூடிய மக்கள் ‘செட்டில்–கார்லைல் பாதை நண்பர்கள் கழகம்’ ஒன்றை நிறுவினர். மூடும் அறிவிப்பு வருவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே அவர்கள் விழித்துக் கொண்டார்கள் என்பதைக் கவனியுங்கள். 1982இல் நாட்டிங்காமிலிருந்து கிளாஸ்கோவுக்கு அவ்வழியே சென்ற விரைவு வண்டிகள் வேறு பாதைக்குத் திருப்பப்பட்டன. எஞ்சியவை திசைக்கு இரண்டே வண்டிகள். வண்டிகளைக் குறைத்துவிட்டுப் பயணிகள் இல்லை என்று கூறுவது, நீர் ஊற்றாமல் விட்டுச் செடி வாடுகிறது என்று குறை கூறுவதை ஒக்கும் என மக்கள் மனம் புழுங்கினர். 1983இல் மூடும் அறிவிப்பு வெளிவந்தது.

இந்நிலையில் எழுந்த கூட்டுறவே நம் கதையின் நடுநாயகம். நண்பர் கழகம் அப்பாதை ஒன்றையே தன் உயிராகக் கொண்டது. ‘போக்குவரத்து 2000’ என்ற அமைப்பு நாடு முழுவதும் பொதுப் போக்குவரத்தை வளர்ப்பதற்காக உழைத்தது. ‘இருப்புப்பாதை வளர்ச்சிச் சங்கம்’ பயணிகளின் தேவைகளை எடுத்துரைத்தது. மூன்றும் தனித்தனிக் கொள்கையும் தனித்தனி உறுப்பினரும் உடையவை. இவை மூன்றும் சேர்ந்து ஒரு கூட்டுச் செயற்குழுவை அமைத்தன. இவற்றைச் சூழ்ந்து நின்றோரும் பல திறத்தினர். பழைய நீராவி எஞ்சினைக் காண விரும்புவோர்க்கு அப்பாதை ஒரு காட்சிக்கூடம். மலை நடைப் பயணிக்கு அது குன்றேறும் படி. கடைக்காரருக்கும் விடுதி நடத்துவோர்க்கும் அது பிழைப்பு. பள்ளத்தாக்கில் வாழும் முதியோருக்கோ, பனியால் சாலை அடைபடும் நாளில் வெளியுலகைக் காட்டும் ஒரே சாளரம். இவர்கள் ஒவ்வொருவரும், “என் காரணமே சிறந்த காரணம்” என்று வாதிட்டிருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? ஒருவர் குரலை மற்றவர் குரல் அமுக்கியிருக்கும். அவர்கள் நோக்கம் பலவாயினும் கோரிக்கையை ஒன்றாக்கினர்: “இப்பாதையில் பயணி வண்டி ஓட வேண்டும்.” பாதை செல்லும் பகுதிகளின் உள்ளாட்சி மன்றங்களும் கட்சி வேறுபாடு கருதாமல் ஒன்றுகூடின. அப்பகுதியின் பொருளாதாரத்துக்குப் பாதை எவ்வளவு இன்றியமையாதது என்று அறிஞரைக் கொண்டு ஆராய்ச்சி செய்வித்தன.

இனி, முன்னர்க் கூறிய சட்டத்தின் குறுகிய வாயிலை அவர்கள் எவ்வாறு கடந்தனர் என்று பார்ப்போம். பாலத்தின் அழகைப் பற்றிய பாராட்டுரையைச் சட்டம் ஏற்காது; இடர்ப்பாட்டை மட்டுமே ஏற்கும். ஆகவே கூட்டுக் குழுவினர் மக்களிடம், உணர்ச்சியை எழுதாதீர்கள், உங்கள் பயணத்தை எழுதுங்கள் என்னும் முறையில் வழிகாட்டினர். எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு, எதற்காக, எத்தனை முறை செல்கிறீர்கள்? வண்டி இல்லையேல் வேறு வழி உண்டா? இவ்வாறு எழுதப்பட்ட மறுப்புகள் 22,000க்கும் மேல் குவிந்தன. அவற்றுள் ஒன்றில் கையெழுத்துக்குப் பதிலாக ஒரு நாயின் காலடிச் சுவடு பதிந்திருந்தது! ரஸ்ஸப் என்ற அந்நாய், நண்பர் கழகத்தைத் தொடங்கியோருள் ஒருவரின் வளர்ப்பு நாய். அது கட்டணம் செலுத்திப் பயணம் செய்த பயணி ஆதலால், அதன் மறுப்பும் செல்லுபடியாகும் என்று ஏற்றுக் கொள்ளப்பட்டது. 2009இல் கார்ஸ்டேல் நிலையத்தில் அந்நாய்க்கு வெண்கலச் சிலையும் எடுத்தார்கள். இது நகைப்புக்குரிய செய்தியாகத் தோன்றலாம். ஆயினும், பயணச் சீட்டு வாங்கியவரே பயணி என்னும் சட்டத்தின் சொல்லை மக்கள் எவ்வளவு கூர்ந்து படித்திருந்தனர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

எழுதுவதோடு அவர்கள் நின்றுவிடவில்லை. வண்டியில் ஏறினார்கள். என் கருத்தில் இதுவே இவ்வரலாற்றின் தலைசிறந்த பகுதி. இங்கே நாம் ஓர் அதிகாரியையும் நன்றியோடு நினைக்க வேண்டும். பாதையை முறைப்படி மூடி முடிக்கும் பொறுப்பு ரான் காட்டன் என்பவரிடம் ஒப்படைக்கப்பட்டது. மூடும் நாள் வரும் வரையில் பாதையை நன்றாக நடத்துவதும் தம் கடமை என்று அவர் கருதினார் போலும். குறைந்த கட்டணச் சீட்டுகளை வெளியிட்டார், வண்டிகளையும் பெட்டிகளையும் கூட்டினார், விளம்பரம் செய்தார். மூடப்போகிறார்கள் என்ற செய்தியே பல்லாயிரவரை அப்பாதைக்கு இழுத்து வந்தது. 1986 ஜூலையில், உள்ளாட்சி மன்றங்களின் பொருளுதவியோடு, 16 ஆண்டுகளாக மூடிக் கிடந்த 8 நிலையங்கள் மீண்டும் திறக்கப்பட்டன. மூட நினைத்த பாதையில் நிலையங்கள் திறக்கப்படுவது எத்துணை விந்தை! 1983இல் 93,000 ஆக இருந்த பயணங்களின் எண்ணிக்கை, 1989க்குள் 4,50,000 ஆக உயர்ந்தது.

1986ஆம் ஆண்டின் வேனிற்காலத் தொடக்கத்தில் ஆலோசனைக் குழுக்கள் பல ஊர்களில் பொது விசாரணை நடத்தின. மறுப்பு எழுதியோர் பலர் நேரில் வந்து சாட்சி கூறினர். பாதையை மூடலாகாது என்றே குழுக்கள் அமைச்சருக்குப் பரிந்துரைத்தன. இத்துடன் வெற்றி கிட்டியது என்று எண்ணிவிடாதீர்கள். 1988 மே மாதத்தில் போக்குவரத்துத் துறையின் துணையமைச்சர் டேவிட் மிச்செல் பாராளுமன்றத்தில் எழுந்து, பாதையை மூட இசையவே அரசாங்கம் எண்ணுகிறது என்றும், தனியார் எவரேனும் விலைக்கு வாங்க முன்வரலாம் என்றும் அறிவித்தார். ஐந்து ஆண்டு உழைப்பு வீணாயிற்றே என்று சோர்ந்து போவதற்கு இதைவிடத் தக்க காரணம் இராது. அவர்கள் சோரவில்லை. அரசாங்கம் முடிவாகச் சொல்லாமல் ‘எண்ணுகிறது’ என்று சொன்னதால், புதிய சான்று தர இன்னும் இடமுண்டு என்று கொண்டனர், மீண்டும் எழுதினர், மீண்டும் பயணம் செய்தனர்.

அதற்குள் ரிபிள்ஹெட் பாலத்திலும் ஒரு திருப்பம் நேர்ந்தது. ஒரு வளைவைச் சோதனையாகப் பழுது பார்த்தபோது, முன்னர் அஞ்சியதைவிட மிகக் குறைந்த செலவிலேயே பாலத்தைச் செப்பனிடலாம் என்று தெரிய வந்தது. மூடுவதற்குக் காட்டிய காரணங்களுள் முதன்மையானது இவ்வாறு தளர்ந்தது. 1989 ஏப்ரல் 11ஆம் நாள் அமைச்சர் பால் சானன், பாதையை மூட இசைவு தர மறுத்து அறிவித்தார். பயணிகள் பெருகியதையும் பாலத்தின் செலவு குறைந்ததையும் அவர் காரணங்களாகக் குறித்தார். கைவிடக் கூடாது என்று பாராளுமன்றம் 1869இல் அளித்த தீர்ப்பு, சரியாக 120 ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் ஒருமுறை உறுதியாயிற்று.

வரலாறு கற்போர் வெற்றியின் மகிழ்ச்சியில் காரண காரியத்தை மறத்தலாகாது. மக்கள் கூடினார்கள், ஆகவே வென்றார்கள் என்று சொல்வது எளிது. ஆனால் வடக்குப் பாதையிலும் மக்கள் கூடத்தான் செய்தார்கள். அப்பாதை மூடப்பட்ட 1960களில், மோட்டார் சாலையே வருங்காலம் என்னும் எண்ணம் நாட்டையே ஆட்கொண்டிருந்தது. 1980களில் அவ்வெண்ணம் தளர்ந்திருந்தது. பாலம் உண்மையிலேயே பழுது பார்க்கத் தகாததாய் இருந்திருந்தால், எத்தனை மறுப்புகள் குவிந்தாலும் பயன் விளைந்திருக்குமா என்பது ஐயமே. இவை மக்களின் கையில் இல்லாதவை. அவர்கள் கையில் இருந்தவை மூன்று. காலத்தோடு விழித்துக் கொண்டது ஒன்று. வெவ்வேறு நோக்கமுடையோர் ஒரே கோரிக்கையில் இணைந்தது மற்றொன்று. காக்க விரும்பிய வண்டியில் தாமே சீட்டு வாங்கி ஏறியது மூன்றாவது. பாலத்தின் நற்செய்தி வரும் வரையில் பாதை உயிரோடு இருந்ததற்கு இம்மூன்றுமே காரணம். ஆறு ஆண்டுகள் அவர்கள் காலத்தை ஈட்டித் தந்திராவிட்டால், அந்தச் சோதனைக்கே இடமிருந்திராது.

இழந்ததை மீட்பதற்கு என்ன விலை என்பதை வடக்குப் பாதை நமக்குக் காட்டுகிறது. எல்லைப்புற மக்கள் தம் பாதையை மறக்கவில்லை. 1999இல் ‘எல்லைப்புற இருப்புப்பாதை இயக்கம்’ ஒன்றைத் தொடங்கினர். 2006இல் ஸ்காட்லாந்துப் பாராளுமன்றம் அதற்கெனச் சட்டம் இயற்றியது. 2015 செப்டம்பர் 6ஆம் நாள் எடின்பரோவிலிருந்து ட்வீட்பாங்க் வரையில் வண்டி மீண்டும் ஓடியது. முதல் ஆண்டிலேயே அதில் 10 இலட்சத்துக்கும் மேற்பட்ட பயணங்கள் நிகழ்ந்தன. ஆனால் திரும்பக் கிடைத்தது 98 மைலில் ஏறத்தாழ 30 மைலே. அதற்குச் சென்ற காலம் 46 ஆண்டுகள். செலவான பொருள் ஏறத்தாழ 30 கோடிப் பவுன். விண்ணப்பம் சுமந்து சென்ற ஹாயிக் நகரத்துக்கு இன்னும் வண்டி வரவில்லை. ஒரு பாதையை மூடுவதற்கு ஒரு கையெழுத்துப் போதும். அதைத் திறப்பதற்கு ஒரு தலைமுறையும் போதவில்லை.

செட்டில் பாதை நண்பர் கழகமோ வெற்றி பெற்றவுடன் கலைந்து விடவில்லை. நிலையங்களில் பூச்செடி வளர்ப்பதும், பழைய கட்டடங்களைப் பேணுவதும், பயணிகளுக்கு வழிகாட்டி நடப்பதும், நேர அட்டவணையை நயமாக்க வாதாடுவதும் அதன் உறுப்பினர் தொண்டாயின. 2016 பிப்ரவரியில் கார்லைலுக்கு அருகே ஈடன் ஆற்றங்கரையில் நிலம் சரிந்து பாதை அறுந்தது. இந்த முறை பாதையைக் கைவிடலாமா என்ற பேச்சு வலுப்பெறவில்லை. 2 கோடிப் பவுனுக்கும் மேற்பட்ட செலவில் கரையை வலுப்படுத்தி, 2017 மார்ச் 31ஆம் நாள் முழுப் பாதையையும் திறந்தனர். மூடப்படவேண்டியது என்று ஒரு காலத்தில் பட்டியலில் ஏறிய பாதை, செப்பனிடப்பட வேண்டியது என்று எல்லோராலும் கருதப்படும் நிலையை அடைந்தது. மக்கள் பெற்ற உண்மையான வெற்றி இதுவே என்பேன்.

மாணவ நண்பர்களே, உங்கள் ஊரிலும் ஒரு நிலையமோ, நூலகமோ, ஏரியோ, பள்ளியோ இருக்கக்கூடும். அதை இழந்த பின் வருந்துவதற்கு எல்லோரும் வருவார்கள். இழப்பதற்கு முன் அதற்குரிய விதிகளைப் படித்துப் பார்ப்பவர் சிலரே. உடன்படாத அண்டை வீட்டாரோடும் ஒரு கோரிக்கைக்காக ஒரே மேசையில் அமர்பவர் அவரினும் சிலர். அதனை நாள்தோறும் பயன்படுத்தி வாழ வைப்பவரோ மிகச் சிலர். அந்த மிகச் சிலரால்தான் ரிபிள்ஹெட் பாலத்தின் 24 வளைவுகளின் மீதும் இன்றும் வண்டி ஓடிக் கொண்டிருக்கிறது.